வீட்டில் ஒருவர் படுக்கையாகிவிட்டால் முதல் வாரமே சோஷியல் ஒர்க்கரைப் பாருங்கள்

அப்பாவுக்கு இனிமேல் கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் டாக்டர் சொன்ன அன்றைக்கே, 'பேலியேட்டிவ் ஓ.பி.' என்று எழுதிய ஒரு சீட்டையும் கையில் கொடுத்தார்கள். வலியையும் நோயின் தொல்லைகளையும் குறைக்கப் பார்க்கும் பிரிவு அது. அந்தப் பிரிவின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். டாக்டர், நர்ஸ், அப்புறம் மூலை மேசையில் பெரிய ரிஜிஸ்டரோடு ஒரு அம்மா. அவரை நாங்கள் என்ட்ரி போடுபவர் என்று நினைத்துக்கொண்டோம். பெயர், வயது, ஊர் சொன்னோம். அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தபோது "பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்" என்று கிளம்பிவிட்டோம். அவர்தான் அந்தக் குழுவின் மருத்துவ சமூகப்பணியாளர் (மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர், சுருக்கமாக எம்.எஸ்.டபிள்யூ.) என்பது எங்களுக்குத் தெரிவதற்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குள் மூணு வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கியிருந்தோம், அம்மாவின் தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்தது, அப்பாவிடம் பொய் சொல்லிச் சொல்லி வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அப்பா கொத்தனார், 57 வயது, புகையிலை போட்டு வந்த வாய்ப்புற்று. நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறேன். நாங்கள் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இதே நிலைமை என்றால் முதல் இரண்டு படிகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள், மற்றதை அவர் சொல்லிக்கொடுப்பார்.

1. அவர் யார், எங்கே இருப்பார் என்று கண்டுபிடியுங்கள்

பேலியேட்டிவ் கேரை நம் ஊரில் ஆளுக்கொரு பெயரில் சொல்கிறார்கள். வலி நிவாரண சிகிச்சை, நோய் ஆதரவு சிகிச்சை, பெயின் கிளினிக், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடம்தான். அங்கே போய் "எம்.எஸ்.டபிள்யூ. யாரு?" அல்லது "சோஷியல் ஒர்க்கர் மேடம் எங்க இருப்பாங்க?" என்று கேளுங்கள். சில இடங்களில் கவுன்சலர் என்பார்கள். சமூகப்பணியில் முதுகலை படித்து, அதிலும் மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவை எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

டாக்டர் வலியைப் பார்க்கிறார், நர்ஸ் புண்ணையும் குழாயையும் பார்க்கிறார். காசு, காகிதம், குடும்பச் சண்டை, குழந்தைகள், பயம், கடன், இறந்தபின் ஆக வேண்டியவை, இது எல்லாமே இவருடைய மேசைக்குத்தான் வரும். வலி என்றால் உடம்பு வலி மட்டும் கிடையாது, கடன்காரன் வாசலில் நிற்பதும் அதில் ஒரு பங்கு என்பதை இந்தத் துறையின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸே சொன்னார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 'முழு வலி' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர். அவரும் முதலில் நர்ஸாக இருந்து, பிறகு ஆஸ்பத்திரி சமூகப்பணியாளராக இருந்து, அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் படித்திருக்கிறார்.

இவரைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் எதுவும் எங்களிடம் வாங்கவில்லை. இந்த வேலையைச் செய்துதருகிறேன் என்று வராந்தாவில் யாராவது பணம் கேட்டால் அவர் புரோக்கர், விலகிவிடுங்கள்.

ஒரு விஷயம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதற்கு நர்ஸும் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைக் கொடுத்தால் போதும், இல்லையென்றால் 104க்குப் போன் செய்து கேட்கலாம். ஆனால் அந்தக் குழுவில் சோஷியல் ஒர்க்கர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரியிலோ தொண்டு நிறுவனத்திலோதான் இருப்பார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் சிகிச்சை பார்த்தவர்கள் அங்கேயே கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஊர் வந்தபிறகு போனில் தேடுவது பெரும்பாடு.

2. போவதற்கு முன் ஒரு ஃபைல் போடுங்கள்

நாங்கள் மஞ்சப்பையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு போனோம். அதில் பாதி ஸ்கேன் கவர், மீதி மருந்து பில். அவருக்கு வேண்டியது வேறு:

- டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், இரண்டுக்கும் மூன்று ஜெராக்ஸ்
- நோயாளி, பார்த்துக்கொள்பவர் இருவரின் ஆதார்
- ஸ்மார்ட் ரேஷன் கார்டு
- முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, இருந்தால்
- வருமானச் சான்றிதழ்
- பேங்க் பாஸ்புக் முதல் பக்கம்
- நலவாரிய அட்டை, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை, பி.எஃப். நம்பர், எல்.ஐ.சி. பாலிசி, எதுவானாலும்
- பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு பத்து

வருமானச் சான்றிதழ் இல்லையென்றால் முதலில் அதற்குப் போடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறி வர எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் மற்ற எல்லா வேலையும் நின்றது.

இங்கேதான் இரண்டு பள்ளம். ஒன்று பெயர். ஆதாரில் அப்பாவின் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் இனிஷியலே கிடையாது, பாஸ்புக்கில் தாத்தா பெயர் முழுசாக. நல்ல உடம்போடு இருக்கும்போது இது யாருக்கும் உறுத்தாது. படுத்தபிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது, ஆதாரோடு இணைத்த போன் நம்பர். அப்பா மூன்று வருடத்துக்கு முன்னால் தொலைத்த சிம் அது. ஓ.டி.பி. எல்லாம் யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நடக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் நம்பரை மாற்றிவிடுங்கள். நாங்கள் அவரை ஆட்டோவில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம், கைரேகை மூன்று தடவை விழவில்லை, சிமெண்ட் கலந்து கலந்து தேய்ந்த விரல்கள்.

3. பணத்தைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்

முதல் தடவை உட்கார வைத்துப் பேசும்போது சோஷியல் ஒர்க்கர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வீட்டில் யார் யார், யார் சம்பாதிக்கிறார்கள், யார் ராத்திரி முழித்திருக்கிறார்கள், கடன் எவ்வளவு, எத்தனை வட்டி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கப்பாவுக்கு வலிக்குது, இந்த அம்மா ரேஷன் கார்டு கலர் கேட்குதே என்று. கௌரவத்துக்காகக் கடனைக் குறைத்துச் சொன்னேன். அம்மா பக்கத்திலிருந்து, "அவன் சொல்றது பாதிதாம்மா" என்று போட்டு உடைத்தார்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வெட்டிக் கேள்வி இல்லை. "தம்பி, உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார். மாதாமாதம் பிடிக்கிறார்கள், சம்பளம் 21,000க்குள்தான். தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவ உதவி உண்டு, பெற்றோருக்கு இருக்கும் வருமான வரம்புக்குள் வந்தால் பெயரைச் சேர்க்கலாம் என்றார். ஆறு வருடமாகப் பணம் கட்டுகிறேன், அப்பா பெயரைச் சேர்க்கவே இல்லை. நோயாளியே ஈ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால் இன்னும் பெரிய விஷயம் இருக்கிறது. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருட சர்வீஸ் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை நோய்க்கால உதவித்தொகை, இரண்டு வருடம் வரைக்கும் நீட்டிக்கலாம். இது தெரியாமல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்களை அந்த வராந்தாவிலேயே இரண்டு பேரைப் பார்த்தேன். தயவுசெய்து ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

4. எதற்கு எப்போது போட வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு, வலி கூடும்போது ஓடுவது, குறைந்தால் உட்கார்ந்துவிடுவது. அரசாங்கக் காகிதத்துக்கு நம் வீட்டு வலி தெரியாது, அது தன் வேகத்தில்தான் வரும். அதனால் நாள் பிடிப்பதை முதலில் போட வேண்டும் என்று அவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

முதலமைச்சர் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருடத்துக்கு 5 லட்சம் வரை. கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்கு வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டுபோக வேண்டும். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இந்த அட்டை ஆஸ்பத்திரியில் நடக்கும் சிகிச்சைக்குத்தான். வீட்டில் ஆகிற டயப்பர், டிரஸ்ஸிங், சத்துமாவு, ஆட்டோ, இதற்கெல்லாம் இந்தக் காப்பீடு வராது. எங்களுக்கு உண்மையில் செலவானதே இந்த இடத்தில்தான், மாதம் ஏழாயிரத்துக்குக் குறையவில்லை.

நலவாரியம்: அப்பாவின் கட்டுமானத் தொழிலாளர் அட்டை பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் கிடந்தது. சோஷியல் ஒர்க்கர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுப்பிக்கிற தேதிக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு, இன்னைக்கே பாருங்க" என்றார். பதிவு காலாவதியாகிவிட்டால் இயற்கை மரண உதவியும் ஈமச்சடங்கு உதவியும் கேட்கும்போது சிக்கல். அந்த ஒரு வாக்கியம் பின்னால் அம்மாவுக்குப் பெரிய கைகொடுத்தது.

ரயில்: முன்பு சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு மூன்று தடவை முழு டிக்கெட் போட்டுப் போயிருக்கிறோம். புற்றுநோயாளிக்கு சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். சிகிச்சை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்ட ரயில்வே படிவம் வேண்டும், அதைக் கொண்டுபோய் ரிசர்வேஷன் கவுண்டரில் எடுக்க வேண்டும். படிவத்தைக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

பிரதமர் நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிரதமர் நிதி ஆகப்போகும் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகும், நாம் ஏற்கனவே செலவழித்ததைத் திருப்பித் தராது. சிகிச்சை நிறுத்தியபிறகு அதற்காக அலைவது வீண் வேலை, நான் இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தேன். முதுகுத்தண்டில் பரவி கால் செயலிழந்தவர்கள், கால் எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் மாற்றுத்திறனாளி அட்டை பற்றிக் கேளுங்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று இருந்தால் பல வழி திறக்கும்.

இணையத்தில் நிதி திரட்டலாம் என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் சொன்னான். கட்டணம் எவ்வளவு, 'டிப்ஸ்' என்று தானாகவே எவ்வளவு சேர்க்கிறார்கள், அப்பாவின் வாய்ப்புண்ணைப் படமெடுத்துப் போட வேண்டுமா என்று சோஷியல் ஒர்க்கர் கேட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாததால் விட்டுவிட்டோம்.

5. மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

மார்ஃபின் கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து. மாத்திரையை எழுதுவது டாக்டர் வேலை. அது தீர்ந்துபோகாமல் வீட்டில் இருக்க வழி செய்வதில் சோஷியல் ஒர்க்கருக்குப் பங்கு உண்டு. மார்ஃபின் மாத்திரை தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்துக் கொடுக்கலாம் என்று ஆனது, அந்த இடங்களில்தான் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்த எங்களை, எங்களுக்குப் பக்கத்தில் எந்த மையத்தில் இருக்கிறது என்று விசாரித்து, கடிதம் எழுதி அங்கே மாற்றிவிட்டவர் அவர்தான். நோயாளி வர முடியாது என்றால் பழைய சீட்டு, நோயாளியின் அடையாள அட்டை, வாங்க வருபவரின் அடையாள அட்டை, மீதி இருக்கும் மாத்திரையின் எண்ணிக்கை, இதோடு போங்கள்.

தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே போங்கள். தீபாவளி, பொங்கல் வாரம் என்றால் பத்து நாள். நாங்கள் பொங்கலுக்கு மாட்டிக்கொண்டோம். நான்கு நாள் லீவு, மூன்றாவது நாள் மாத்திரை இல்லை. அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா வந்து, "போதை மருந்தா குடுக்குறீங்க? பழகிப்போயிரும்டா" என்று சத்தம் போட்டார். அவரை அடுத்த முறை கூட்டிவரச் சொல்லி, நர்ஸும் இவரும் உட்கார வைத்துப் பேசினார்கள், வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பதும் போதைக்காக எடுப்பதும் வேறு என்று. வீட்டில் நாம் சொன்னால் எடுபடாத பெரியவர்களை இப்படி அவரிடம் தள்ளிவிடுங்கள்.

6. நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு 'வாயில் ஒரு கட்டி, சரியாகிவிடும்' என்பதுதான் வீட்டுச் செய்தி. ஃபைலை பீரோவில் பூட்டி வைத்தோம். டாக்டர் அறைக்குள் நான் முதலில் ஓடிப்போய், "அவருகிட்ட சொல்லிராதீங்க சார்" என்பேன். சோஷியல் ஒர்க்கரிடமும் அதையேதான் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அவர் கேட்டார்: "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" உடைந்துபோய்விடுவார், சாப்பிட மாட்டார், எதாவது செய்துகொள்வார் என்றேன். "இப்ப நல்லா சாப்பிடுறாரா?" இல்லை. "தூங்குறாரா?" இல்லை. "உங்ககூட பேசுறாரா?" நான் பதில் சொல்லவில்லை.

அவராகப் போய்ச் சொல்லவும் இல்லை. அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து, "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கய்யா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். வாய் வீங்கிப் பேச்சு தெளிவாக வராத அப்பா, மெதுவாக, "எல்லாம் தெரியும் தாயி. பையன் தாங்க மாட்டான்னுதான் கேக்காம இருக்கேன்" என்றாராம். ஐந்து மாதமாக அவர் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், நாங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு உட்காரும் ஒரு கூட்டம் வைத்தார், அப்பா, அம்மா, நான், திருப்பூரிலிருந்து தங்கச்சி. அதற்கு எப்படித் தயாராவது என்று கேட்டால், மூன்று விஷயம் சொல்லுவேன். முடிவெடுக்கும் ஆட்கள் எல்லாரும் ஒரே நாளில் வர வேண்டும், ஒருவர் விடுபட்டால் அவர்தான் பிறகு வந்து எல்லாவற்றையும் கலைப்பார். என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். அன்றைக்கு வேறு ஸ்கேன், வேறு டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டத்தில் அப்பா கேட்டது இரண்டே இரண்டு. கடைசியில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டு ஐ.சி.யூ.வில் வைக்க வேண்டாம். வீட்டுமனையை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும்.

முதலாவதற்கு எழுத்தில் ஒரு வழி இருக்கிறது, 'லிவிங் வில்' என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2018இல் இதை அனுமதித்து, 2023இல் நடைமுறையைச் சுலபமாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அப்பா சொன்னதை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதி, எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார், நாங்களும் அதை மதித்து நடந்தோம். சொந்தத்தில் சண்டை வரும் என்று தெரிந்தால் நீங்கள் முறைப்படி எழுதிவைப்பது நல்லது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா ரூமுக்குள் போகாதே என்று விரட்டிக்கொண்டிருந்தோம். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது, அவளைப் போகவிடுங்கள், கேட்டால் உண்மையைச் சின்ன வார்த்தையில் சொல்லுங்கள் என்று அவர் சொன்னபிறகு, தினமும் ஸ்கூல் விட்டு வந்து தாத்தாவுக்கு ஸ்பூனில் இளநீர் கொடுப்பது அவள் வேலையானது.

7. கையெழுத்துப் போட முடிகிறபோதே பேங்க், சொத்து வேலைகளை முடியுங்கள்

பேங்க்: அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்ததும் கையெழுத்து பொருந்தவில்லை என்று கிளையில் பணம் தரவில்லை, ஆளை நேரில் கூட்டிவாருங்கள் என்றார்கள். ரிசர்வ் வங்கி விதியில் இதற்கு வழி இருக்கிறது என்று சோஷியல் ஒர்க்கர்தான் சொன்னார். நோயால் கையெழுத்துப் போட முடியாதவர் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். டாக்டர் சான்றோடு மேனேஜருக்கு மனு எழுதிக்கொடுத்தோம், ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். கத்திச் சண்டை போட்ட மூன்று நாளில் நடக்காதது ஒரு பக்க மனுவில் நடந்தது. அதே வேகத்தில் எல்லாக் கணக்கிலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள்.

சொத்து: சோஷியல் ஒர்க்கர் வக்கீல் கிடையாது, பத்திரம் எழுத மாட்டார். ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார், மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்புவார். நடக்க முடியாதவருக்காக சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி உண்டு. டாக்டர் சான்றும் விண்ணப்பமும் தனிக் கட்டணமும் ஆகும். அப்பா வீட்டுமனையை அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரம் அப்படித்தான் முடிந்தது. உயில் என்றால் பதிவு கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி போதும், உயிலின்படி சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாக மட்டும் போடாதீர்கள்.

8. பார்த்துக்கொள்கிறவரையும் ஒருவர் பார்க்க வேண்டும்

அம்மா ஏழு மாதம் ராத்திரி தூங்கவில்லை. சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவருக்குத் தனியாக ஒரு நாள் சோஷியல் ஒர்க்கரிடம் கேட்டு வாங்குங்கள், நோயாளியை விட்டுவிட்டு அவரை மட்டும் கூட்டிப்போய்ப் பேச வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு வார்டில் சேர்த்து வீட்டில் இருப்பவர்கள் மூச்சு விட முடியுமா என்றும் கேளுங்கள். தங்க வைத்துப் பார்க்கும் இடங்கள் சில ஊர்களில் உண்டு, சென்னை மாத்தூர் ஜீவோதயா போல. எல்லா இடத்திலும் கட்டில் காலியாக இருக்காது, முன்பே பெயர் கொடுத்து வைக்க வேண்டும்.

காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி எதையும் உடனே விலைக்கு வாங்காதீர்கள். பல குழுக்கள் இரவலாகக் கொடுக்கின்றன. நாங்கள் காற்றுப் படுக்கையைப் புதிதாக வாங்கிய அடுத்த வாரம், இவர்களிடம் ஸ்டோரில் இருந்தது என்று தெரிந்தது.

9. அந்த நாளுக்கான காகிதங்கள்

எதிர்பார்த்த மரணம் வீட்டில் நடந்தால் பதறி 108க்கு அடிக்க வேண்டியதில்லை. யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த டாக்டர் வந்து பார்த்துச் சான்று தருவார் என்பதை முன்பே கேட்டு, நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் நடந்த மரணத்துக்குக் காரணம் குறித்து, சிகிச்சை பார்த்த டாக்டர் தரும் சான்று படிவம் 4ஏ. அதற்குக் கட்டணம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி 155377. இது தெரியாமல் வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

இறப்புப் பதிவு 21 நாளுக்குள். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம், நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவில். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் ஆர்.டி.ஓ. வரைக்கும் அலைச்சல். காரியம் முடியட்டும் என்று பதினாறாம் நாள் வரை தள்ளிப்போட்டு, அப்புறம் மறந்துபோகிறவர்கள் நிறைய. பெயரையும் இனிஷியலையும் ஆதாரில் இருப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடும் முன் ஒருதரம் படித்துப் பாருங்கள், பிறகு திருத்துவது நரகம்.

10. அதற்கு அப்புறமும் அவர் இருப்பார்

அப்பா போன மூன்றாவது வாரம் சோஷியல் ஒர்க்கரிடமிருந்து போன் வந்தது. அம்மா எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, நலவாரியத்துக்கு மனு கொடுத்தாச்சா என்று கேட்டார். மரண உதவிக்கு இறப்புச் சான்று, நலவாரிய அட்டை, வாரிசு விவரம், அம்மாவின் பாஸ்புக் என்று வரிசையாகச் சொன்னார். வாரிசுச் சான்றிதழும் இ-சேவையில் 60 ரூபாய்தான், எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதனால் இறப்புச் சான்று கைக்கு வந்த அன்றே போடுங்கள். விதவை உதவித்தொகைக்கு அம்மாவுக்குத் தகுதி இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டோம்.

மிச்சம் இருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி எழுதி, வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். காற்றுப் படுக்கையை டெட்டால் போட்டுத் துடைத்து, நிழலில் காயவைத்து, பம்பையும் ஒயரையும் சேர்த்துக் கட்டி நானே கொண்டுபோய் அவர்கள் ஸ்டோரில் கொடுத்தேன். ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே, திருமங்கலத்தில் ஒரு வீட்டில் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பம்புக்கு மூணு பின் பிளக் வேண்டும், அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.